இரண்டாவது ராடும் மூன்றாவது ராடும்

கனெக்டிங் ராடுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு என்று சொன்னால் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள். பார்வைக்கு அது இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். மேலே ஒரு சின்ன வளையம். பிஸ்டன் அதோடு சேர்ந்திருக்கும். கீழே ஒரு பெரிய வளையம். அது எஞ்சினின் சுழலும் அச்சான கிராங்கைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இடையில் ஒரு தண்டு. ஆனால் பழைய ஆங்கிலேயக் கார்கள் சிலவற்றில் பெரிய வளையம் தண்டின் நேர் நடுவில் இருக்காது. ஒரு பக்கமாகச் சற்றுத் தள்ளியிருக்கும். அந்தத் தள்ளல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு சிலிண்டருக்கும் விதி இருக்கிறது. நாங்கள் கட்டிய எஞ்சினில் முதலாவதும் மூன்றாவதும் ஒரே மாதிரி. இரண்டாவதும் நான்காவதும் அதற்கு நேர் எதிர். மாற்றிப் போட்டாலும் பூட்டிவிடலாம். ஓடவும் ஓடும், கொஞ்ச நாளுக்கு.

நாங்கள் என்றால் நானும் என் அண்ணனும்.

அண்ணன் கோலாலம்பூருக்குப் பக்கத்தில், கிள்ளானில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ஒரு பக்கம் லோரி டயர் கடை, இன்னொரு பக்கம் பழைய இரும்பு வாங்கும் கடை. பள்ளிக்கூட வேன், டாக்சி, துறைமுகத்துக்கு ஆள் ஏற்றும் வண்டி என்று தினமும் ஏதாவது ஒன்று அங்கே நிற்கும். நான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டு மேருவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் செய்த பாகங்களை அளந்து, இது போகலாம், இது போகக் கூடாது என்று பிரிப்பது என் வேலை. பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாகச் சரி பார்த்து, அடுத்ததற்குப் போவேன். வீட்டில் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் அப்படித்தான் என்று அம்மா சொல்வார்.

பழைய கார்களின் எஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய காரை ஆசையாக வைத்திருப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். பெயின்ட் அடிக்கவும் சீட் தைக்கவும் ஆள் கிடைக்கும். எஞ்சினை அளந்து கட்டுவதற்குத்தான் ஆள் குறைவு. அண்ணனுக்கும் யோசனை பிடித்திருந்தது. முதல் எஞ்சினை நான் கட்டுவது, அது நன்றாக ஓடினால் மேரு வேலையை விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்பில் சரி பாதியாகச் சேர்வது என்று பேசிக்கொண்டோம். எழுதிக்கொள்ளவில்லை. அண்ணன் தங்கைக்குள் யார் எழுதிக்கொள்கிறார்கள்?

முதல் கார் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்தது. அதன் சொந்தக்காரர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்கு அங்கிள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். மணப்பெண்ணைத் தானே அந்தக் காரில் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் ஆசை.

"அடி எஞ்சின் முழுக்க பாப்பாதான் கட்டப் போறா, அங்கிள்" என்றான் அண்ணன். வீட்டில் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். "படிச்ச புள்ள."

அங்கிள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லதுமா" என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "நீயும் கூட இருப்பல்ல?" என்று கேட்டார்.

"நான் எங்க அங்கிள் போகப் போறேன்" என்றான் அண்ணன்.

எஞ்சினைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, அது ஏற்கனவே யாரோ கைவைத்த எஞ்சின். ராடுகளில் எண் அடித்திருக்கும். அதைப் பார்த்து எந்த சிலிண்டருக்கு எது என்று கண்டுபிடிக்கலாம். இதில் பழைய எண்களின் மேல் வேறு எண்கள் அடிக்கப்பட்டிருந்தன. ஒரு ராடில் எண்ணே இல்லை. ஆகவே எண்ணை நம்பவில்லை. வீட்டில் சும்மா கிடந்த பழைய டிவி மேசையின் கண்ணாடியைக் கொண்டுவந்து சமமாக வைத்தேன். ஒவ்வொரு ராடையும் அதன்மேல் படுக்கவைத்து, சின்ன வளையத்துக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். பிறகு புரட்டிப் போட்டு மறுபடி அளந்தேன். தள்ளல் எந்தப் பக்கம் என்பதை ராடு தானே சொல்லிவிடும்.

அண்ணன் ஒரு வேனின் அடியிலிருந்து தலையை நீட்டினான்.

"என்ன மேடம், ராடுக்கு ஜாதகம் பாக்குறீங்களா?"

"பொருத்தம் பாக்குறேன். நாலு மாப்பிள்ளைக்கு நாலு பொண்ணு."

"பத்து பொருத்தமும் இருக்கா?"

"ஏழு இருந்தா போதும்னு நீ கல்யாணம் பண்ணிக்க. இது எஞ்சின்."

"எனக்கு எவ பொண்ணு குடுக்குறா" என்று மறுபடி வேனுக்கு அடியில் போய்விட்டான்.

அந்த வாரங்கள் நன்றாக இருந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். வேலை முடிந்து மேருவிலிருந்து நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வருவேன். அண்ணன் எனக்குப் பால் விடாத தே ஓ வாங்கி வைத்திருப்பான். நான் அளப்பதைக் கிண்டல் செய்வான். அதே நேரம் டயர் கடைக்காரரைக் கூட்டிவந்து, "பாருங்க பாஸ், என் தங்கச்சி மயிரிழைய பத்தா பிரிச்சு அளக்குறா" என்று காட்டவும் செய்வான்.

ராடுகளைப் பூட்டிய நாள் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. முதலில் சின்ன வளையத்தின் போல்ட். இந்த எஞ்சினில் பிஸ்டனுக்குக் குறுக்கே போகும் ஊசியை ராடு ஒரு போல்ட்டால் கவ்விப் பிடிக்கும். அந்த போல்ட்டுக்கு ஒரு ஸ்பிரிங் வாஷர் உண்டு, நான்கும் புதிது. அடுத்து பிஸ்டனின் தலையில் இருக்கும் அம்புக்குறி எஞ்சினின் முன்பக்கம் பார்க்கிறதா என்று பார்ப்பது. அதற்குப் பிறகு, அம்புக்குறியை மறந்துவிட்டு, ராடின் தள்ளல் தன் பக்கம் பார்க்கிறதா என்று தனியாகப் பார்ப்பது. இது இரண்டும் வேறு வேறு விஷயம். அம்பு சரியாக இருப்பதால் ராடும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பிறகு பேரிங், எண்ணெய், மூடி, போல்ட். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குவது. கடைசியாகப் பூட்டுத்தகடு.

பூட்டுத்தகடு பற்றி ஒரு வார்த்தை. பெரிய வளையத்தின் போல்ட் தலைக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். இறுக்கிய பிறகு அதன் ஓரத்தை போல்ட் தலையோடு சேர்த்து மடக்கிவிட்டால் போல்ட் தானாகச் சுழலாது. மடக்குவது ஒரே ஒரு தடவைதான். நிமிர்த்தி மறுபடி மடக்கினால் மடிப்பில் மெல்லிய வெடிப்பு விழும். அதனால் நான் எப்போதும் புதுத் தகடு போடுவேன், ஒரே தட்டில் மடக்குவேன்.

எல்லாம் முடித்து கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன். எண்ணெய்க்குள் கை சுழல்வதுபோலச் சுற்றியது. அண்ணனையும் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். "வெண்ண மாதிரி இருக்கு" என்றான். மேலே ஹெட்டும் அடியில் எண்ணெய்த் தொட்டியும் பூட்டி காரில் ஏற்றுவது அவன் பங்கு. எனக்கு அந்த வாரம் மாலை ஷிஃப்ட். உற்பத்திப் பகுதிக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோகக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை பூஜை.

எஞ்சின் கட்டினால் பூஜையா என்று கேட்காதீர்கள். புது பஸ்ஸுக்கு, புது லோரிக்கு, கடன் அடைந்த மோட்டார் சைக்கிளுக்கு எல்லாம் நாங்கள் பூஜை போடுகிறவர்கள். அங்கிள் அவருடைய கோயில் குருக்களிடம் நேரம் குறித்துக்கொண்டு வந்திருந்தார். ராகுகாலம் தொடங்குவதற்கு முன் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட வேண்டும். அங்கிளின் மனைவி, ஆன்டி, எலுமிச்சம்பழங்களைச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். கற்பூரம், தேங்காய், பானெட்டின் மேல் மூன்று கோடு விபூதி. அங்கிள் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் முனகியது. இரண்டாவது முறை முனகியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஏன் இவ்வளவு கனமா சுத்துது?" என்று அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"புது எஞ்சின் பாப்பா. டைட்டாத்தான் இருக்கும்."

"நான் சுத்துனப்ப அப்படி இல்லியே."

"அப்ப ஹெட்டு இல்ல. இப்ப ஹெட்டு இருக்கு. கம்ப்ரெஷன். நீ படிச்சதில்லையா?"

படித்திருக்கிறேன். அவன் சொன்னதும் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆன்டி என் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அங்கிள் கிள்ளானிலிருந்து ஃபெடரல் ஹைவே வழியாகத் திரும்பும்போது, சுங்கை வே பக்கம் எஞ்சினுக்குள் யாரோ டம்ளரைக் கரண்டியால் தட்டுவது போன்ற சத்தம் கேட்டதாம். ஓரமாக நிறுத்திவிட்டார். அண்ணன் இழுவை வண்டியோடு போனான். நான் வேலை முடிந்து வெளியே வந்து கைத்தொலைபேசியை எடுத்தபோது அவன் அழைப்புகள் வரிசையாக இருந்தன.

"சத்தம் கீழேர்ந்து வருது. ராடு பக்கம்தான்" என்றான்.

"ஒர்க்‌ஷாப்புல விடு. நான் வந்து திறந்து பாக்குறேன்."

"அவசரம் இல்ல, நானே பிரிக்கிறேன். நீ ஞாயித்துக்கெழம என்கூட பிரிக்ஃபீல்ட்ஸ் வா. அங்கிள பாத்து ஒரு சாரி சொல்லிரு."

"என்ன ஆச்சுன்னே தெரியல. எதுக்கு சாரி?"

"அடி எஞ்சின் யாரு கட்டுனது?"

"நான்தான்."

"அப்ப?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கல்யாண வீடு பாப்பா. மனுசன் வேற காடி வாடகைக்கு எடுக்கப் போறாரு. மனசு கஷ்டத்துல இருக்காரு. நீ ஒரு வார்த்த சொல்லிட்டா ஆறிப்போயிரும். அப்புறம் திறந்து பாப்போம், யாரு ஓடிப் போறா?"

அளக்காமல் எந்தப் பாகத்தையும் நான் ஒதுக்கியது கிடையாது. அன்று என்னையே அளக்காமல் ஒதுக்கினேன். சொன்னது அண்ணன் என்பதால்.

ஞாயிறு காலை அந்தக் கூட்டம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் முன்னால் கூடும். மேசைகளைச் சேர்த்துப் போட்டு, ரொட்டி சானாயும் தே தாரிக்குமாக உட்கார்ந்திருந்தார்கள். சாலையோரத்தில் அவர்களுடைய கார்கள் பளபளத்தன. அங்கிளின் கார் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார். அண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து தே தாரிக் சொன்னான். நான் உட்காரவில்லை.

"அங்கிள், எஞ்சின் அடிப்பகுதிய கட்டுனது நான்தான். தப்பு என்னோடது. மன்னிச்சிருங்க."

பிறகு தொப்பி போட்ட ஒருவர், "மோதிரம் போடுற கையில ஸ்பானர் குடுத்தா இப்படித்தான்லா" என்றார். இன்னொருவர், "எஞ்சினும் பொம்பள மாதிரி கோவிச்சுக்கிச்சு போல" என்றார். சிரித்தார்கள். பெரிய சிரிப்பு இல்லை. அண்ணனும் சிரித்தான். தே தாரிக்கின் நுரையை ஊதிக் குடித்தபடி, கோப்பைக்குள்ளே பார்த்துக்கொண்டு சிரித்தான்.

"விடுங்கப்பா. சின்னப் புள்ள" என்றார் அங்கிள். "பழகப் பழக வந்துரும்மா."

நான் நன்றி சொன்னேன். நன்றி சொன்னது இன்று வரை எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு படியையும் மனதுக்குள் திரும்பச் செய்தேன். கண்ணாடி, அளவு, அம்பு, தள்ளல், பேரிங், எண்ணெய், இறுக்கம், தகடு. எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. தெரியாததுதான் பயமாக இருந்தது. எங்கே தவறினேன் என்று தெரிந்தால் அடுத்த முறை தவற மாட்டேன். தெரியாவிட்டால் என் கையையே நம்ப முடியாது. மேருவில், நானே சரி என்று அனுப்பிய பாகங்களைத் திரும்ப வரவழைத்து மறுபடி அளந்தேன். மேலதிகாரி, "என்னம்மா, ஓவர்டைம் வேணுமா?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு அண்ணன் போனான். நான் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணம் முடிந்து இரண்டு வாரமாகியும் அண்ணன் எஞ்சினைத் திறக்கவில்லை. காரிலிருந்து இறக்கி ஸ்டாண்டில் மாட்டியிருந்தான், அவ்வளவுதான். கேட்டால் வேன் வேலை இருக்கிறது என்பான், பேரிங் வரட்டும் என்பான். "நீ ஏன் மெனக்கெடுற, ரெஸ்ட் எடு" என்பான். ஒரு சனிக்கிழமை நான் சொல்லாமல் போனேன். அண்ணன் உதிரிப் பாகம் வாங்கவும் சாப்பாடு வாங்கவும் வெளியே போயிருப்பதாக டயர் கடைக்காரர் சொன்னார். நான் கையுறை போட்டுக்கொண்டு எஞ்சினைத் தலைகீழாகச் சுழற்றி, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினேன்.

முதலில் கண்ணில் பட்டவை தகடுகள். முதலாவது ராடிலும் நான்காவது ராடிலும் மடிப்பு சுத்தமாக, ஒரே கோடாக இருந்தது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மடிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு மடிப்பு, நடுவில் மெல்லிய வெடிப்பு. நிமிர்த்தி மறுபடி மடக்கிய தகடு. கை விளக்கை அருகில் கொண்டுபோனேன். இரண்டாவது ராடின் தள்ளல் மூன்றாவது ராடுக்கு உரிய பக்கம் பார்த்தது. மூன்றாவது, இரண்டாவதின் பக்கம். இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. மூடிகளைக் கழற்றினேன். பேரிங்குகள் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. ஹெட்டையும் எடுத்து, அந்த இரண்டு பிஸ்டன்களை வெளியே தள்ளினேன். ஊசியைத் தாங்கும் பகுதியின் ஒரு பக்கத்தை ராடு உரசி உரசிக் கண்ணாடிபோல ஆக்கியிருந்தது. ஹெட்டை எடுத்தபோதே பார்த்திருந்தேன், இரண்டு பிஸ்டன்களின் அம்புக்குறிகளும் ஒழுங்காக முன்பக்கம் பார்த்தன.

நிம்மதிதான் முதலில் வந்தது. நான் இல்லை. என் கை இல்லை. அந்த நிம்மதி எத்தனை நேரம் இருந்தது என்று தெரியாது. வேறு யாருடைய கை என்ற கேள்வி அதன் பின்னாலேயே வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

அண்ணன் நாசி லெமாக் பொட்டலங்களோடு வந்தான். தலைகீழாகத் திறந்து கிடந்த எஞ்சினைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பொட்டலங்களைப் பெஞ்சின் மேல் வைத்தான்.

"எப்ப திறந்த?" என்று கேட்டேன்.

"என்னது?"

"தகடு ரெண்டு தடவ மடங்கியிருக்குண்ணே. நான் ஒரு தடவதான் மடக்குனேன்."

அவன் சட்டைப் பையில் எதையோ தேடினான். "பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம்" என்றான். "உன் தட்டுல ஒரு ஸ்பிரிங் வாஷர் கெடந்துச்சு. புதுசு. எதோ ஒரு ராடுல போட மறந்துட்டியோன்னு நெனச்சேன். ஓடுறப்ப போல்ட்டு கழண்டா எஞ்சின் பிளாக்கே போயிரும்ல? அதான் எடுத்துப் பாத்தேன்."

"அது கூடுதலா வாங்குனது. நான் எப்பவும் ஒன்னு கூட வாங்குவேன். உனக்குத் தெரியும்."

"அந்த நேரத்துல தோணல."

"எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருந்தா பிரேக்குல பாத்திருப்பேன்."

"போட்டா நீ கோச்சுக்குவ. என் வேலைய செக் பண்றியான்னு கேப்ப. மறுநாள் காலையில ராகுகாலத்துக்கு முன்னாடி காடி ஓடணும். நாலையும் எடுக்க நேரம் இல்ல, நடுவுல உள்ள ரெண்ட மட்டும் எடுத்தேன், வாஷர் இருந்துச்சு, திரும்பப் போட்டேன். அம்பு முன்னாடிதான பாத்துச்சு?"

"அம்பு பிஸ்டனுக்கு. ராடுக்கு இல்ல. நீ ரெண்டையும் பெஞ்சுல வச்சு மாத்தி எடுத்திருக்க."

"சரி, தப்புதான்" என்றான். உடனே சொன்னான், சுலபமாகச் சொன்னான்.

"சத்தம் வந்தப்பவே உனக்குத் தெரியும்."

அவன் பொட்டலத்தின் ரப்பர் பேண்டைக் கழற்றத் தொடங்கினான்.

"தெரிஞ்சுதான் என்னை மன்னிப்பு கேக்க வச்ச."

"பாப்பா, உக்காரு. நான் சொல்றத கேளு" என்று நாற்காலியைத் தள்ளினான். "நான் தப்பு பண்ணேன்னு அந்தக் கூட்டத்துல சொன்னா இந்தக் கடைய நாளைக்கே மூடணும். பேரு போச்சுன்னா போச்சு. நீ சொன்னா, புதுசு, பொம்பளப் புள்ள, படிச்சிட்டு வந்திருக்கு, பழகிக்கும்னு விட்ருவாங்க. விட்டாங்கல்ல? உனக்கு என்ன கொறஞ்சு போச்சு? உனக்கு மேருவுல வேல இருக்கு."

அவன் கொடூரமாகச் சொல்லவில்லை. கணக்கு விளங்காத பிள்ளைக்கு விளக்குவதுபோலச் சொன்னான். என் பெயர் போனால் செலவு இல்லை என்று அவன் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்திருக்கிறான்! தொலைபேசியில் அவன் என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே, இழுவை வண்டியில் போய்க்கொண்டிருந்தபோதே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

"அங்கிள்கிட்ட நீயே சொல்லு" என்றேன்.

"சொல்றேன். நேரம் பாத்து சொல்றேன்."

நான் அந்த எஞ்சினைத் திரும்பக் கட்டினேன். கட்டாமல் விட்டிருக்கலாம். ஆனால் திறந்து போட்ட எஞ்சினை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு வரவில்லை. இரண்டு புதுப் பிஸ்டன், எல்லாப் பேரிங்கும் புதிது, தகடுகள் புதிது. இந்த முறை ஹெட்டையும் எண்ணெய்த் தொட்டியையும் நானே பூட்டினேன். காரில் இறக்கும்போதும் பக்கத்தில் நின்றேன். அண்ணன் கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான். பேச்சு அதற்கு மேல் இல்லை. எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. அங்கிள் வந்து எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணன் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு ஞாயிறு போயிற்று, அடுத்த ஞாயிறும் போயிற்று. அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர் டயர் கடைக்கு வந்தபோது, "தங்கச்சி கெடுத்த எஞ்சின அண்ணன் ராத்திரி பகலா உக்காந்து சரி பண்ணிட்டான்லா" என்று சொன்னதாக டயர் கடைக்காரர் என்னிடம் சொன்னார். அதன் மறுநாள் நான் கொம்யூட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று வரிசைப்படுத்தினேன்.

அங்கிள் வீட்டில் தனியாக இருந்தார். ஆன்டி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். எனக்கு மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

"அங்கிள், அன்னைக்கு உங்ககிட்ட ஒரு மன்னிப்பு கேட்டேன். அத நான் திரும்ப வாங்கிக்கிறேன். அந்தத் தப்பு என்னோடது இல்ல."

அவருக்குப் புரியவில்லை. "அதான் அன்னைக்கே மன்னிச்சிட்டேனேம்மா. காடி இப்ப நல்லா ஓடுது."

"மன்னிச்சதையும் திரும்ப எடுத்துக்கங்க. நான் கட்டி முடிச்ச பிறகு அந்த எஞ்சின திறந்திருக்காங்க. அப்பதான் ரெண்டு ராடு இடம் மாறிப்போச்சு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திறந்தது உங்க அண்ணன்தான?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தானம்மா சொன்னேன்." அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். "பூஜைக்கு முன்னாடி ஒரு தடவ நீயும் பிரிச்சுப் பாத்துருன்னு அவன்கிட்ட. உன்மேல சந்தேகம் இல்ல. பொண்ணு கல்யாணக் காடி பாரு. ஒரு பாதுகாப்புக்கு. சரி அங்கிள், நான் பாத்துடுறேன்னு சொன்னான். பாத்துட்டேன், பக்கான்னு ஃபோனும் பண்ணான்."

காரணம் வாஷர் இல்லை. தட்டில் கிடந்த வாஷரைப் பார்த்து அவன் பயப்படவே இல்லை. யாரோ ஒருவர் கேட்டார், இவன் சரி என்றான். நான் அளந்து, பூட்டி, மடக்கி வைத்ததை, அவனே சுற்றிப் பார்த்து வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று சொன்னதை, ஒரு வார்த்தைக்காகப் பிரித்துப் போட்டான். எனக்குச் சொன்ன காரணமும் எனக்காகவே தயாரித்தது.

"அப்ப, மறுபடி திறந்தான்னு தெரிஞ்சும் அன்னைக்கு நான் மன்னிப்பு கேக்கறப்ப நீங்க சும்மா இருந்தீங்க" என்றேன்.

"அவன் திறந்து பாத்தும் கண்டுபிடிக்க முடியாத எதோ தப்புன்னு நெனச்சேன்மா." சொல்லிவிட்டு அவரே அதைக் கேட்டதுபோல நிறுத்தினார். பிறகு, "அண்ணன் தங்கச்சிக்குள்ள இத பெருசு பண்ணாதம்மா" என்றார்.

"அவங்ககிட்ட சொல்வீங்களா? ஞாயித்துக்கெழம கூட்டத்துல?"

"பாக்குறேன்மா" என்றார்.

மைலோவைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். வாசலில் அந்தக் கார் நின்றது. பானெட்டில் பூஜை விபூதியின் தடம் இன்னும் இருந்தது. அவர் அதைக் கழுவவில்லை.

அவர் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணனிடம் மட்டும் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது. அதற்கான நேரத்தை அவனே கொண்டுவந்தான். ஒரு நாள் மதியம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா பரிமாறிவிட்டு அடுப்படிக்குள் போயிருந்தார்.

"ஈப்போலேர்ந்து ஒருத்தர் காடி அனுப்புறாரு" என்றான். "நல்ல எஞ்சின். கட்டணும். நீ வந்துருவல்ல, பேசுன மாதிரி? வேலைய விட்டுரு."

"நான் கட்டுனதுக்கு அப்புறம் யாரு திறந்து பாப்பா?"

அவன் கை நின்றது. அங்கிளிடம் நான் போய் வந்தது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

"யாரும் பாக்க மாட்டாங்க."

"அவரு கேட்டா? ஒரு தடவ நீயும் பிரிச்சுப் பாத்துருன்னு ஈப்போக்காரரு சொன்னா?"

அண்ணன் சோற்றைப் பிசைந்தான். பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை அவன். அன்று சொல்லவில்லை.

"கஸ்டமர் கேட்டா என்ன சொல்றதுலா" என்றான்.

"அப்ப நீயே கட்டு."

"பாப்பா..."

"என் டார்க் ரெஞ்சு அங்க இருக்கு. கண்ணாடியும் இருக்கு. சனிக்கிழமை வந்து எடுத்துக்குறேன்."

அம்மா அப்பளத்தோடு வந்து, என்ன பேச்சு என்று கேட்டார். "எஞ்சின் விசயம்மா" என்றான் அண்ணன். அம்மா எனக்கு ரசம் ஊற்றினார். அவர் மறுபடி உள்ளே போகும்வரை அவன் காத்திருந்தான்.

"ரெஞ்ச மட்டுமாவது விட்டுட்டுப் போயேன்" என்றான். "என்கிட்ட இருக்குறது சரியா அளக்க மாட்டேங்குது."

சனிக்கிழமை போய் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.